ஒருவரிடமும் கேட்காத அப்பா

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்று உனக்கும் தெரியும். போன கிழமை நீ இணையத்தில் எழுதிப் போட்ட அந்த நீண்ட பதிலை மூன்று தரம் வாசித்தேன். உன்னுடைய கிரிப்டோ கொம்பனியை நீ நடத்துகிற விதத்தையும், மேடைகளில் நீ சொல்லித் திரிகிற கருத்துகளையும் குறை சொன்னவர்களுக்கு எழுதிய பதில். ஆங்கிலத்தில் நீ எப்போதும் கெட்டிக்காரன். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு மறுமொழி வைத்திருந்தாய். எல்லாம் முடிந்து கடைசியில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாய். அதற்கு அடுத்த நாள் போன் எடுத்து, வருகிற சனிக்கிழமை உன் கந்தோருக்கு வந்து, கமராவுக்கு முன்னால் உன் பக்கத்தில் இருந்து, நானும் எல்லாரையும் போலக் காசை இழந்தவன்தான் என்று இரண்டு நிமிடம் பேசச் சொன்னாய். நான் வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய எழுதினபடியால் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். முதல் பிரதி மட்டும் உனக்கு.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க ஏலும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனவன் என்றாலும் போனவன்தான். மழையோ பனியோ, அம்மா உன்னை ஒருநாளும் மட்டம் போட விட்டதில்லை. எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. மெஷினிடம் கொடுத்து மொழிபெயர்க்காதே, அது என்னுடைய கோபத்தை எல்லாம் மரியாதையாக்கிவிடும். நான் கோபத்தில்தான் இருக்கிறேன். அதில் பாதி உன்மேல், மீதி என்மேல். எது கூடுதல் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நீ என்னைப் பற்றி எழுதினது இது. என் தகப்பன் ஒற்றைப் பையோடு இந்த நாட்டுக்கு வந்தார், ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, அரசாங்கத்திடம் ஒரு சதம் வாங்கவில்லை, விழுந்தால் தானே எழும்பினார், உதவி உதவி என்று அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு விளங்காததற்கு அவர்தான் காரணம். வாசிக்க நல்ல வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, அப்படி ஒரு மனிதன் இந்த லண்டனில் இருந்ததே இல்லை. அவனை உண்டாக்கினவன் நான். கலியாண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலும் மைக் கையில் கிடைத்தால் விடாத ஆள் என்று என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். பத்துப் பவுண் காசோடு வந்தேன், ஒருவரிடமும் கை நீட்டவில்லை என்று தொடங்கினால், சாப்பாடு ஆறும்வரை நிறுத்தமாட்டேன். அம்மா மேடைக்குக் கீழே நின்று கையைக் காட்டுவாள். வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் ஒரே ஒரு வசனம்தான் கேட்பாள்: "சிவம் அண்ணையை முன்னுக்கு வைச்சுக்கொண்டு என்ன கதை கதைக்கிறியள்?" நீ பின் சீட்டில் இருந்தாய். உனக்கு அது காதில் விழுந்ததோ தெரியாது.

நடந்தது இதுதான். நான் வந்து இறங்கினபோது வால்தம்ஸ்டோவில் ஒரு இறைச்சிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் சிவம் அண்ணை இருந்தார். ஒரு கட்டில். அவருக்குப் பெட்ரோல் செட்டில் இரவு ஷிப்ட். காலையில் அவர் வரும்போது நான் எழும்ப வேண்டும், அவர் படுப்பார். பதினான்கு மாதம் அப்படி ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தோம், வாடகையில் என் பங்கை அவர் கேட்கவே இல்லை. என்னை வக்கீலிடம் கூட்டிப்போனவர் அவர். அரசாங்க உதவிக் காசு கொடுக்கிற பெனிபிட் கந்தோரில் வரிசையில் என்னோடு நின்று, படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்டினவர் அவர். ஓம், பெனிபிட். நான் வாங்கினேன். விசா முடிவாகிற வரைக்கும் வாங்கினேன், பிறகு வேலை போனபோது திரும்பவும் வாங்கினேன். என் முதல் வேலை அவர் தன்னுடைய ஷிப்டில் இரண்டு நாளை முதலாளியிடம் சொல்லி எனக்கு விட்டுக்கொடுத்த வேலை. நீ பிறந்தது கவுன்சில் தந்த வீட்டில். உன்னைத் தள்ளிக்கொண்டு போன வண்டிகூடக் கீழ் வீட்டு வெள்ளைக்கார மனுஷி தன் பேரப்பிள்ளையுடையதைக் கழுவித் துடைத்துத் தந்தது. இவ்வளவையும் விழுங்கிப்போட்டுத்தான் மேடையில் ஏறினேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்கலாம். உன் படிப்புக்காக என்று நான் அம்மாவிடம் சொல்வதுண்டு. பிள்ளைக்கு ஒரு வீறாப்பு இருக்கட்டும், கைநீட்டி வாழ்ந்த தகப்பன் என்று நினைத்தால் அவனும் குனிந்துபோவான் என்று சொல்வேன். அது முழு உண்மை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உதவி வாங்கினதைச் சொன்னால் நான் சின்ன ஆளாகிப் போவேன் என்று பயம். அந்த மண்டபங்களில் எல்லாம் சிவம் அண்ணை முன்வரிசையில்தான் இருப்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருப்பார். முடிந்ததும் எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டுவார். ஒருநாளாவது வந்து, எடேய் அந்தக் கட்டில் யாருடையது என்று கேட்டிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கிற ஆள் இல்லை.

அவருடைய மகள் ஆரணியை நீ உன் கொம்பனியில் வேலைக்கு எடுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ ஒரு கடனில் கொஞ்சம் கழிந்தது என்று நினைத்தேன். இன்றைக்கு உன்னைக் குறை சொல்கிறவர்களில் முதல் ஆள் அவள்தான். ஆட்கள் தங்கள் காசை வெளியே எடுக்கிற வழியை நீ திடீரென்று மூடின அந்தக் கிழமை, முழு ஸ்டாஃபுக்கும் முன்னால் அவள் எழும்பி, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாளாம். நீ அவளைப் பார்த்து, பெனிபிட் வரிசையில் நிற்கிற மூளையோடு இங்கே வேலை செய்ய ஏலாது என்று சொன்னாயாம். பின்னேரத்துக்குள் அவளுடைய கொம்பியூட்டர் திறக்கவில்லை, வாசல் அட்டை வேலை செய்யவில்லை. உன் பதிலில் அதைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தாய். தலைமை என்றால் எல்லாரையும் சந்தோஷப்படுத்துகிற வேலை இல்லை என்று எழுதினாய். பலமில்லாத கைகள் நடுங்கும்போது பலமுள்ள கை ஒன்று முடிவெடுக்க வேண்டும் என்று எழுதினாய். எட்டு வரியில் அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. குறை சொல்கிறவர்களுக்கு மறுமொழி எழுதுவதற்கு முதல் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஒருதரம் நிதானமாகப் பார், தம்பி. அவள் கேட்டது எப்போது திறப்பீர்கள் என்றுதான்.

இனி அம்மா செத்த பிறகு அடித்த கல்வெட்டுக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் ஒரு நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுப்போம் அல்லவா, அந்தக் கல்வெட்டின் பின் அட்டை வெறுமையாக இருக்கிறது என்றாய். அம்மா எனக்குத் தந்த துணிவில்தான் இந்தக் கொம்பனியைத் தொடங்கினேன், அவவின் புத்தகத்தில் அது இருந்தால் அவ சந்தோஷப்படுவா என்றாய். முன் அட்டையில் அம்மாவின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, அழுது எழுதின கவிதைகள். பின் அட்டை முழுக்க உன் கொயினின் அடையாளம், போனைக் காட்டினால் திறக்கிற அந்தக் கட்டம். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நினைவுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டப்பாவோடு சேர்த்து மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் நான்தான் கொடுத்தேன். எங்கள் சனம் கல்வெட்டைக் குப்பையில் போடாது. சுவாமி அறையில், அல்லது அலுமாரியில் நல்ல சேலைகளுக்குக் கீழே வைக்கும். செத்த மனுஷியின் பெயரோடு வந்ததில் பிழை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? வெள்ளைக்காரனுக்கு அது ஒரு விளம்பரம். எங்கள் ஆட்களுக்கு அது நான் கொடுத்த வாக்கு.

சிவம் அண்ணை அங்கேயே, வாழையிலைக்கு முன்னால் இருந்துகொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் போனை அந்தக் கட்டத்தில் பிடித்தார். கை நடுங்கினபடியால் பிடிபடவில்லை. நீ பந்தியில் சுற்றிக்கொண்டு வந்தாய். அவருடைய போனை வாங்கி, நீயே பிடித்து, நீயே பதிந்து கொடுத்தாய். நல்ல பிள்ளை என்று உன் முதுகில் தட்டினார். பெட்ரோல் செட்டை விட்ட பிறகு தான் நடத்தின சின்னக் கடையை விற்ற காசு முழுவதையும் பிறகு அதில் போட்டார். அவர் மட்டும் இல்லை. பார்க்கிங், சவுத்தால் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. நீ வழியை மூடுவதற்கு ஒன்பது நாளைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் எடுத்தாய். உன் குரல் சரியில்லை. "அப்பா, உங்கட பெயரில கிடக்கிறதை இண்டைக்கே எடுங்கோ. ஏனெண்டு கேக்கவேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம்" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீ சொல்லித் தந்தபடி ஒவ்வொன்றாக அமத்தினேன், பின்னேரம் காசு வங்கிக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் சிவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போவது உனக்குத் தெரியும். தேத்தண்ணி குடித்தேன், ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன், அவருடைய முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தோம். வாய் திறந்து ஒரு சொல், அண்ணை எடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. என் பிள்ளை சொல்ல வேண்டாம் என்றான், சொன்னால் எல்லாரும் ஓடிப்போய் எடுப்பார்கள், அவன் கொம்பனி விழும் என்று என் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டாவது ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டேன். உன்னைக் கள்ளன் என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போகாததற்குக் காரணம் அதுதான். அந்தச் சனிக்கிழமை நானும் உன்னோடு சேர்ந்துவிட்டேன்.

என் குடும்பமும் மற்றவர்களோடு சேர்ந்து இழந்தது என்று நீ உன் பதிலில் எழுதியிருக்கிறாய். அதை நான் கமராவுக்கு முன்னால் உறுதிப்படுத்த வேண்டும். அது பொய் என்று தெரிந்த ஆட்கள் இரண்டே பேர் என்றபடியால் உனக்குத் துணிவு வந்தது. அதில் ஒரு ஆள் நான் என்றபடியால் வந்தது. நான் எத்தனை மேடையில் பொய் சொல்லியிருக்கிறேன் என்று பார்த்து வளர்ந்தவன் நீ, இன்னொன்று சொல்லமாட்டேனா என்று நினைத்திருப்பாய். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

உன் பதில் வெளிவந்த இரண்டாம் நாள் சிவம் அண்ணையைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது பார்க்கிங் பகுதியில் ஒரு மொத்தக் கடையில் பெட்டி அடுக்குகிறார். எழுபது கடந்த மனிதன், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, கையில்லாத மஞ்சள் சட்டையோடு நிற்கிறார். பின்பக்கத்தில் லொறி வருகிற இடத்தில் பத்து நிமிட இடைவேளையில் கதைத்தோம். உன் பதிலை ஆரணி அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஒன்றும் கோபமில்லை அவருக்கு. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒருத்தரும் உனக்கு உதவி செய்யேல்லையாமேடாப்பா" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பிறகு அவரே என் தோளில் கையைப் போட்டார். "உன்ர காசும் போச்சாம், பெடியன் எழுதியிருக்கிறான். கையில காசு இருக்கோ? வியாழக்கிழமை எனக்குப் பென்ஷன் வரும். வேணுமெண்டால் சொல்லு, வெக்கப்படாதை."

தம்பி, உன் கொம்பனி காசெடுக்கிற வழியை மூடினபோது நான் அழவில்லை. அம்மா போனபோதுகூடச் சனத்துக்கு முன்னால் அழவில்லை. அந்த லொறிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். தன்னுடைய காசு போன துக்கத்தில் அழுகிறான் என்று நினைத்து அவர் என்னைத் தேற்றினார். அப்போதும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமைப் போன், எடுத்த காசு, அடுத்த நாள் வந்து தேத்தண்ணி குடித்தது, ஒன்றும் விடாமல் சொன்னேன். அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் எழும்பிப் போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து இருக்கவில்லை, கதவடியில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நல்லது. "ஆரணிக்குச் சொல்லிப்போடாதை. அவள் எழுதிக் குடுத்திடுவாள். பெடியனைப் பொலிஸ் கொண்டுபோய் மறியல்ல போட்டிடுவாங்கள். தாயில்லாத பிள்ளை" என்றார். உன்னைச் சொல்கிறார், தம்பி. முப்பத்தாறு வயது, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் கந்தோர் வைத்திருக்கிற உன்னைத்தான் சொல்கிறார். நீ பலமில்லாத கை என்று எழுதின ஆட்களில் ஒருவர் அவர். பிறகு, நீ இனிச் சனிக்கிழமைகளில் வரவேண்டாம் என்று என்னிடம் சொன்னார். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்குச் சுகம். முழு உலகத்திலும் என்னிடம் நியாயம் கேட்கக்கூடிய ஒரே ஆள் வாயை மூடு என்கிறார், என் பிள்ளையும் தப்புவான், நானும் தப்புவேன். வாழ்நாள் முழுக்க அவர் விட்டுக்கொடுத்ததை நான் எடுத்துக்கொண்டேன். கட்டிலை விட்டார், ஷிப்டை விட்டார், என் மேடைப் பொய்யை விட்டார். இதையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் நான் மனிதன் இல்லை. அதனால் நேற்று ஆரணியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காசு போட்ட ஆட்களுக்கு வாதாடுகிற வக்கீலின் படிவத்தைக் கொண்டுவந்தாள். நீ எடுக்கச் சொன்ன நாள், நான் எடுத்த நேரம், வங்கிக் கடதாசி, எல்லாம் சேர்த்தாயிற்று. அந்தக் காசில் ஒரு சதம்கூட நான் தொடவில்லை, அதையும் அப்படியே ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு என்ன வரும் என்று ஆரணியைக் கேட்டேன், தெரியாது மாமா என்றாள். வருவது வரட்டும்.

வக்கீலை இனித் திங்கட்கிழமைதான் பார்க்க ஏலும். அதுவரை படிவம் ஆரணியிடம் இருக்கும், அவ்வளவு நேரம் தருகிறேன் என்று அவள் தானாகவே சொன்னாள். நீ வேலையிலிருந்து கலைத்த பிள்ளை அவள். சனிக்கிழமை உன் கமரா இருக்கிறது. அதற்கு முன்னால் நீ தனியே இருந்து, அப்பாவை முதலில் எடுக்கச் சொன்னேன் என்று உன் வாயால் சொல்லலாம். பெரிய பெரிய சொல் ஒன்றும் தேவையில்லை, தலைமை, பலம், எதிர்காலம் ஒன்றும் வேண்டாம். உன் வக்கீல்கள் சொல்லாதே என்பார்கள். அவர்கள் சம்பளத்துக்குச் சொல்கிறார்கள், நான் உன்னைப் பெற்றதற்குச் சொல்கிறேன். நீ சொன்னால் தண்டனை குறையுமா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இப்போது உனக்குச் சொல்ல இது ஒன்றுதான் மிச்சம்.

படிவத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் யாருக்கு எதிராக இந்தச் சாட்சியத்தைக் கொடுக்கிறீர்களோ அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டிருந்தார்கள். ஆரணி பேனையை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மகன் என்று எழுதினேன். ஒரே பிள்ளை என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இருக்கவில்லை.

அப்பா